பத்தில் மூவரா, நாற்பதில் ஒருவரா?

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் மலேசியப் பெரியவர்களில் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் 10.7 விழுக்காடு. 2006-இல் 11.2. 2011-இல் மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் 1.8. 2015-இல் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் 29.2. 2019-இல் மனச்சோர்வு 2.3. 2023-இல் 4.6. இவை வெவ்வேறு நாடுகளின் எண்கள் அல்ல. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் பொதுச் சுகாதாரக் கழகம் 1986 முதல் நடத்திவரும் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு என்ற ஒரே ஆய்வு வரிசையில் வந்தவை. அதில் மனநலத்தை 1996 முதல் சேர்த்திருக்கிறார்கள்.

இதை அப்படியே வரைபடமாகப் போட்டால் மலேசியர்கள் 2011-இல் திடீரென்று குணமாகி, 2015-இல் கூட்டத்தோடு நோயில் விழுந்து, 2019-இல் மறுபடி எழுந்து உட்கார்ந்ததாகத் தெரியும். எந்த நாட்டு மக்களின் மனமும் அப்படி ஏறி இறங்காது. படியை மாற்றிவிட்டு அரிசி குறைந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது போலத்தான் இது. இங்கே ஒவ்வொரு முறையும் மாறியது படி. அந்தப் படியைத்தான் இன்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. கணக்கெடுப்பு அறிக்கைகளைப் பின்னிணைப்பு வரை வாசிக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

2015-இன் 29.2-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த எண் வெளிவந்ததும் 'மூவரில் ஒருவருக்கு மனநோய்' என்று ஊரெல்லாம் பேச்சு. மேடைகளில் சொன்னார்கள், பள்ளிக்கூட ஒன்றுகூடலில் சொன்னார்கள். ஆனால் அந்த ஆண்டு கேட்கப்பட்டது நோயைப் பற்றிய கேள்வியே அல்ல. லண்டனில் டேவிட் கோல்ட்பர்க் என்ற மனநல மருத்துவர் 1972-இல் வெளியிட்ட பொதுநலக் கேள்வித்தாளின் சுருக்க வடிவம் அது. மொத்தம் 12 கேள்விகள். அண்மையில் கவலையால் தூக்கம் கெட்டதா? செய்கிற வேலையில் மனம் நிற்கிறதா? முடிவெடுக்க முடிகிறதா? அன்றாட வேலைகளில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறதா? இந்த மாதிரி. சளி, தலைவலி என்று பொது மருத்துவரிடம் வருகிறவர்களில் யாரைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பேச வேண்டும் என்று சலித்தெடுப்பதற்காகச் செய்த கருவி. சல்லடையில் நின்றவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று அதைச் செய்தவரே சொல்லவில்லை.

அந்தக் கேள்வித்தாளில் இன்னொரு நுட்பம் உண்டு. பதில்களில் ஒன்று 'வழக்கம்போலத்தான்'. அதைச் சொன்னால் மதிப்பெண் சுழியம். யோசித்துப் பாருங்கள். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தோட்டத்தில் புருஷனை இழந்து, பிள்ளைகளை வளர்த்து, இருபது வருஷமாகச் சரியாகத் தூங்காத ஓர் அம்மா. "தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டால் "எப்பவும் போலத்தான்" என்பார். சுழியம். போன வாரம் நேர்முகத் தேர்வில் தோற்றுவிட்டு வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் பையனுக்கு மூன்று நான்கு மதிப்பெண் விழுந்துவிடும். பழகிப்போன துன்பத்தை இந்தக் கருவி பார்க்காது. புதிதாக வந்த துன்பத்தைப் பெரிதாகப் பார்க்கும். கோல்ட்பர்க் அப்படித்தான் அதை வடிவமைத்தார், அவருடைய தேவை அது. நாட்டுக் கணக்கு எடுக்க நாம் அதைக் கையில் எடுக்கும்போது இந்தக் குணமும் கூடவே வருகிறது.

2011-இல் நடந்தது வேறு. அந்த ஆண்டு கையாண்டது நோயறியும் நேர்காணல். இன்ன அறிகுறி இத்தனை நாள் இருந்ததா, அதனால் வேலைக்குப் போக முடியாமல் போனதா, சாவு விழுந்த வீட்டுத் துக்கமா, வேறா என்று படிப்படியாக வடிகட்டிக்கொண்டே போகும். கடைசியில் மிஞ்சுகிறவர்கள்தான் அந்த 1.8 விழுக்காட்டினர். 2019-இலும் 2023-இலும் கூட மனச்சோர்வு என்ற ஒரு நோயைத்தான் தேடினார்கள். ஆக 29.2 என்பது 'மனசு சரியில்லை' என்பவர்களின் கூட்டம். 2.3 என்பது மனச்சோர்வு என்ற ஒற்றை நோயின் கணக்கு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து 'ஏறியது, இறங்கியது' என்று பேசுவது பிழை.

இது நமக்கு மட்டும் வந்த குழப்பமும் அல்ல. 1950-களில் நியூயார்க்கின் மிட்டவுன் மன்ஹாட்டன் பகுதியில் 1,660 பேரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். 1962-இல் வெளியான அந்த ஆய்வு, 'நல்ல மனநலத்தோடு இருப்பவர்கள்' வெறும் 18.5 விழுக்காடு என்றது. மிச்சம் எண்பத்தொன்று சொச்சம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நேர்காணல் முறையில் 10.6 விழுக்காடு என்று கணக்கிட்டது. மன்ஹாட்டன்காரர்கள் இந்தியர்களைவிட எட்டு மடங்கு மனம் கெட்டவர்கள் என்று யாராவது முடிவு கட்டுவார்களா?

அடுத்தது கோடு. நம் நாட்டுக் கிளினிக்குகளில் பரவலாகப் புழங்கும் மனச்சோர்வுக் கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள், மொத்த மதிப்பெண் 27. வழக்கமாகப் பத்தில் கோடு போடுவார்கள். ஒன்பது எடுத்தவர் கணக்கில் வரமாட்டார், பத்து எடுத்தவர் வந்துவிடுவார். அந்த ஒன்பது கேள்விகளில் தூக்கம், பசி, உடல் அசதி மூன்றும் உண்டு. இப்போது இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மைப் பார்த்துச் சொல்கிறேன். 2019 ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மற்ற எல்லா இனத்தையும்விட நாம்தான் முன்னணியில். சர்க்கரை கூடினால் ராத்திரி நாலு தடவை எழ வேண்டும், பகலெல்லாம் அசதி, பசி தாறுமாறு. மூன்று கேள்விக்கும் 'கிட்டத்தட்ட தினமும்' என்று சொன்னால் அதிலேயே ஒன்பது மதிப்பெண் ஆயிற்று. மனம் ஒரு சொட்டுக்கூட வாடாமலே ஒருவர் கோட்டின் வாசலில் நிற்பார்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். மனம் உடைந்த நம்மவர் பலர் கிளினிக்குக்குப் போய் "நெஞ்சு படபடக்குது டாக்டர், தலை சுத்துது, உடம்பு முடியல" என்பார்கள். இரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள், 'எல்லாம் நார்மல்' என்று பனடோல் கொடுத்து அனுப்புவார்கள். இனிப்புநீர்க்காரர் மனச்சோர்வுக் கணக்கிலும், மனச்சோர்வுக்காரர் தலைவலிக் கணக்கிலும் விழுகிற சமூகம் நம்முடையது. நாட்டுச் சராசரியில் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு போய்விடும்.

சரி, எந்த எண்ணைத்தான் நம்புவது என்று கேட்பீர்கள். என் பதில் எளிது. ஒரே கேள்வியை ஒரே வயதினரிடம் ஒரே முறையில் திரும்பத் திரும்பக் கேட்டு வந்த எண்ணை நம்புங்கள். அப்படி ஒன்று நம்மிடம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம், கடந்த 12 மாதங்களில் உயிரை விட்டுவிடலாம் என்று தீவிரமாக எண்ணியதுண்டா என்று கேட்டார்கள். வகுப்பறையில் பெயர் எழுதாமல் அவர்களே நிரப்பும் தாள். 2012-இல் ஆம் என்றவர்கள் 7.9 விழுக்காடு. 2017-இல் 10.0. 2022-இல் 13.1. கேள்வி மாறவில்லை, இடம் மாறவில்லை, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 29.2-க்குப் போட்ட கூச்சலில் பாதியாவது இந்த மூன்று எண்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பு என்றால் ஐந்து பிள்ளைகள்.

பிள்ளைகள் விஷயத்தில் பதில் சொல்கிறவர் யார் என்பதும் முக்கியம். 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளின் மனநலத்தைப் பற்றி வீட்டு ஆய்வில் கேட்கும்போது பதில் சொல்வது அப்பாவோ அம்மாவோ. அந்தக் கணக்கு 2015-இல் 12.1, 2019-இல் 7.9, 2023-இல் 16.5. இடையில் பள்ளியில் 27,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடமே நேராகக் கேட்ட 2017 ஆய்வில் பதற்றம் இருப்பதாகச் சொன்னவர்கள் 39.7 விழுக்காடு, ஐந்தில் இருவர். வயதும் கருவியும் வேறு என்பதால் கழித்துப் பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இடைவெளியில் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது என்பது பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் தெரியும். 2019-க்கும் 2023-க்கும் இடையில் 7.9 இரண்டு மடங்கானதில் பிள்ளைகளின் மாற்றம் எவ்வளவு, பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளையோடு வீட்டில் அடைபட்டுக் கிடந்து அதை முதல்முறையாக உற்றுப் பார்த்த பெற்றோரின் மாற்றம் எவ்வளவு? எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இனி வாசல். ஆய்வுக்காரர்கள் நாட்டைச் சிறு சிறு கணக்கெடுப்பு வட்டாரங்களாகப் பிரித்து, அதில் சிலவற்றைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளைத் தேர்ந்து, அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். நல்ல முறைதான், உலகமெங்கும் அப்படித்தான். ஆனால் கதவு உள்ளவர்தான் கணக்கில் வருவார். கொம்தார் கட்டடத்தின் அடியில் படுப்பவர் வரமாட்டார். சிறையில் இருப்பவர், முதியோர் இல்லத்தில் இருப்பவர், விடுதியில் தங்கியவர், மருத்துவமனையில் படுத்திருப்பவர் வரமாட்டார்கள். பேராக் மாநிலம் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். நம் பாட்டிமார் "உன்னத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டியே பிள்ளை வளர்த்தார்கள். நாட்டின் மனநலத்தை அளக்கும் ஆய்வு அந்த வார்டுக்குள் நுழைவதில்லை. முறைப்படி சரி, ஆனாலும் விசித்திரம்.

பினாங்குக்கென்று ஒரு வாசல் சிக்கல் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்ததிலிருந்து இந்தத் தீவு ஷிப்டு கணக்கில்தான் மூச்சு விடுகிறது. ராத்திரி வேலை முடிந்து காலையில் படுத்தவர், கதவைத் தட்டினால் எழுந்து வந்து முப்பது நிமிஷம் தன் தூக்கத்தைப் பற்றிப் பேசுவாரா? பகலில் தொழிற்சாலை, சாயங்காலம் உணவு டெலிவரி என்று இரண்டு வேலை பார்க்கும் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி இளைஞர், ஆய்வுக்காரர் மூன்று முறை வந்தாலும் அகப்படமாட்டார். அகப்படாதவர்களும் அகப்பட்டவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறோம். மனநலத்தில் அந்த நம்பிக்கை மிகவும் பலவீனமானது. பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் ஒரு புத்தகம் எழுதினார். சிலாங்கூர் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த மலாய்ப் பெண்கள் நுண்ணோக்கியின் முன்னாலேயே பேய் பிடித்து அலறியதைப் பற்றியது. எந்தக் கேள்வித்தாளிலும் பதியாத மன வேதனை அது. நிர்வாகம் போமோ என்ற மலாய் மந்திர வைத்தியரைக் கூப்பிட்டது, வேலை தொடர்ந்தது.

அதற்காகப் பேய், சாமி எல்லாவற்றையும் நோய்க் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு "மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்டதுண்டா?" என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பினாங்குத் தமிழர்களில் பாதிப்பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும்.

கேட்கும் மொழியும் வாசலில் ஒரு தடை. ஆய்வு அறிக்கை கையில் கிடைத்தால் எந்த மொழியில் கேட்டார்கள், அந்த மொழிபெயர்ப்பு சோதித்துப் பார்க்கப்பட்டதா என்று முதலில் தேடுங்கள். எழுபது வயதுப் பாட்டிக்கு மலாய் சந்தைக்குப் போதும், மனசுக்குப் போதாது. பக்கத்தில் பேத்தி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாள் என்று வையுங்கள். "இருந்து என்ன பிரயோசனம், போய்ச் சேர்ந்தா தேவலைன்னு நினைச்சீங்களா பாட்டி?" என்று அந்தப் பேத்தி கேட்பாளா? கேட்டாலும் பாட்டி என்ன சொல்வார்? இல்லை என்ற கட்டத்தில் ஒரு குறி விழும்.

இவ்வளவையும் கேட்டபின் உங்களில் சிலர் 'அப்படியானால் இந்தியர்களுக்குத் தனியாக ஓர் ஆய்வு எடுத்து எண்ணைப் பெரிதாகப் போட வேண்டியதுதானே' என்று நினைக்கலாம். எடுக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இனத்தோடு மனநோயைச் சேர்த்து எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1840-இல் அமெரிக்கா தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பைத்தியம் பிடித்தவர்களை முதல்முறையாக எண்ணியது. அடிமைமுறை இல்லாத வட மாநிலங்களில் கறுப்பர்களில் 162 பேருக்கு ஒருவர், அடிமைமுறை உள்ள தென் மாநிலங்களில் 1,558 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. 1844-இல் வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் கல்ஹூன், பாருங்கள், விடுதலை கறுப்பரைப் பைத்தியமாக்குகிறது, அடிமைத்தனமே அவர்களுக்கு நல்லது என்று அதை வைத்து வாதாடினார். எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து ஊர் ஊராகப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் கறுப்பின மனநோயாளிகள் இருப்பதாகப் பதிவு. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்தில் மனநலக் காப்பகத்தில் இருந்த 133 வெள்ளை நோயாளிகளைக் கறுப்பர் பத்தியில் எழுதி வைத்திருந்தார்கள். பிழையை ஊரறியச் சொன்ன பிறகும் அரசாங்கம் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. ஜார்விஸ் பிறகு 1855-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குத் தானே ஒரு கணக்கு எடுத்துக் கொடுத்தார், ஊர் மருத்துவர்களையும் பாதிரியார்களையும் கேட்டுக் கேட்டு. மனநலக் கணக்கெடுப்பின் தாத்தா என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் என் ஓட்டு அவருக்கு.

ஆக இன வாரியான எண் வேண்டும், ஆனால் அந்த எண்ணோடு வருமானமும் வீடும் வேலையும் சேர்ந்து வர வேண்டும். 2015 ஆய்வில் சபா, லாபுவானில் 42.9 விழுக்காடு, கோலாலம்பூரில் 39.8, கிளந்தானில் 39.1. மூன்று இடத்திலும் வாழும் இனம் வேறு, மொழி வேறு. ஒன்று நாட்டின் தலைநகரம், மற்ற இரண்டும் வறுமைப் பட்டியலில் அடிக்கடி வரும் பகுதிகள். இனத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வரிசை புரியாது.

இப்போது நம் சமூகத்துக்கு மிகவும் வலிக்கிற கணக்குக்கு வருகிறேன்: தற்கொலை. கேள்வித்தாள் பொய் சொல்லலாம், சாவு பொய் சொல்லாது என்று நினைப்போம். சாவும் பதியப்படும் விதத்தில் பொய் சொல்லும். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டி. மணியம், 1966 முதல் 1990 வரையிலான சாவுப் பதிவுகளை ஆராய்ந்து 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். தற்கொலைகளில் பல, 'காரணம் தீர்மானிக்கப்படாத வன்முறைச் சாவு' என்ற தலைப்பின் கீழ் போய் ஒளிந்துகொள்கின்றன என்று அதில் காட்டினார். பின்னர் 2007-இல் தேசியத் தற்கொலைப் பதிவேடு தொடங்கியது. அரசாங்க மருத்துவமனைகளின் சவப் பரிசோதனைப் பிரிவுகள் வழியாக வந்த கணக்கு அது. 2009-இல் அதில் பதிவானவர்கள் 328 பேர், ஒரு லட்சத்துக்கு 1.18. போலீசின் கணக்கு வேறு: 2019-இல் 609, 2020-இல் 631, 2021-இல் 1,142. 2019-க்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இன்னும் வேறு, 1,800-ஐ ஒட்டியது. அதாவது அதே ஆண்டு போலீஸ் எண்ணியதைப் போல மூன்று மடங்கு.

அந்த 1.18-இன் உள்ளே இந்தியர்களின் வீதம் தேசிய வீதத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு. சராசரி என்ற ஒற்றை எண்ணில் நம் வீட்டுச் சாவுகள் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதை 'நம்ம ஆளுங்களுக்கு மனத்திடம் பத்தாது' என்று மேடையில் பேசுகிற பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. கல்ஹூன் பேசியதும் கிட்டத்தட்ட அதே பேச்சுதான்.

ஏன் உடன்பாடில்லை என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 1995-இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 தற்கொலை. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கிராமங்களில் பெரும்பாலும் பூச்சிமருந்து. 1995-இல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகள் எல்லாவற்றையும், 1998-இல் எண்டோசல்பானையும் அரசு தடுத்தது. பத்தே ஆண்டில் வீதம் பாதியாக இறங்கியது. அந்தப் பத்தாண்டில் போர் முற்றாக முடியவில்லை, வேலையின்மை தீரவில்லை, குடி குறையவில்லை. மக்களின் மனம் இருமடங்கு திடமாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கை எட்டும் தூரத்தில் இருந்த நஞ்சின் வீரியம் குறைந்தது, ஆத்திரத்தில் எடுத்தவர்கள் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த வழிக்குப் போவதில்லை. சாவுக் கணக்கை மட்டும் வைத்து ஒரு நாட்டின் மனநலத்தை எடைபோடுகிறவர் இலங்கையில் தவறான முடிவுக்கு வந்திருப்பார்.

நம் தோட்டங்களில் அந்த நஞ்சு பராகுவாட். லயத்து வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் நம் பெண்கள். 2002-இல் 'தெனாகானித்தா' அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அந்தப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே 2002-இல் அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, முழுத் தடை வர 2020 ஜனவரி 1 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து சவக்கிடங்குக்குப் போன இளம்பெண்கள் எந்தக் கேள்வித்தாளில் எத்தனை மதிப்பெண் எடுத்திருப்பார்கள் என்பது இப்போது யாருக்கும் பயன்படாது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டிருந்தால் பலர் இருந்திருப்பார்கள்.

சட்டமும் கணக்கைக் கெடுத்தது. தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது 2023 வரை மலேசியாவில் குற்றம். பிழைத்து மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் மீது போலீஸ் வழக்கு வரலாம் என்றால் எந்தக் குடும்பம் உண்மையைச் சொல்லும்? "தெரியாம குடிச்சிட்டா, சார்" என்பார்கள். அது 'விபத்து' என்ற பத்தியில் ஏறும். இலங்கை 1998-இலேயே இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. நாடாளுமன்றம் 2023-இல் நம் சட்டத்தைத் திருத்தியது பெரிய காரியம், தாமதமானாலும் பெரிய காரியம். அதனால் இனிவரும் ஆண்டுகளில் முயற்சிகளின் பதிவு கூடலாம். கூடினால் 'சட்டத்தைத் தளர்த்தினார்கள், பாருங்கள் பெருகிவிட்டது' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அப்போது இந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்திருந்தது வெளியே வருவதற்கும், இல்லாதது புதிதாக முளைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இவ்வளவு ஓட்டை உள்ள கணக்கு எதற்கு என்று விட்டுவிடலாமா? கூடாது. கணக்கு இல்லாத நோய்க்குப் பணம் கிடைக்காது. 1990-கள் வரை உலக நாடுகள் நோயின் சுமையைச் சாவை வைத்தே எண்ணின. மனச்சோர்வு நேராக யாரையும் கொல்வதில்லை என்பதால் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. கிறிஸ்டபர் மரே, ஆலன் லோபெஸ் என்ற இரு ஆய்வாளர்கள், நோயோடு முடங்கி வாழும் ஆண்டுகளையும் சேர்த்து எண்ணிய பிறகுதான் அது முன்வரிசைக்கு வந்தது. நம் நாட்டில் 2018-இல் பதிவு பெற்ற மனநல மருத்துவர்கள் 410 பேர். ஒரு லட்சம் மக்களுக்கு 1.27. அதைக் கூட்ட வேண்டும் என்று நிதியமைச்சிடம் கேட்பவர் கையில் ஏதாவது ஓர் எண் இருந்தாக வேண்டும். என் வாதமெல்லாம், அந்த எண் அடுத்த எண்ணோடு ஒப்பிடக்கூடியதாக இருக்கட்டும் என்பதுதான். ஆண்டுக்கு ஒரு கருவியை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒருமுறையாவது பழையதையும் புதியதையும் ஒரே மக்களிடம் சேர்த்துக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழ் தெரிந்தவரை அனுப்பிக் கேளுங்கள், பேத்தியை வெளியே உட்கார வைத்துக் கேளுங்கள். போலீஸ், மருத்துவமனை, பதிவுத்துறை மூன்று ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்துச் சரிபாருங்கள். இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

இது அமைச்சுக்கு. உங்களிடம் கேட்பது வேறு. அடுத்த ஆய்வுக்காக யாராவது அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் தட்டினால், 'இன்ஷூரன்ஸ்காரன்' என்று நினைத்து விரட்டாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். மாமியாரும் பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அது உங்கள் உரிமை. 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று வாய் தானாகச் சொல்ல வரும். கொஞ்சம் நிறுத்தி, உள்ளதைச் சொல்லுங்கள். ஆய்வு வரும்வரை காத்திருக்க முடியாத நிலையில் யாராவது இருந்தால், சுகாதார அமைச்சு 2022 முதல் நடத்தும் 'ஹீல்' தொலைபேசிச் சேவையின் எண் 15555. எழுதிக்கொள்ள வேண்டிய எண் இந்தச் சாயங்காலத்தில் இது ஒன்றுதான்.